செய்திக்கு முன்னால் ஒரு மதம்

“அடைமொழி போடுறதுக்கு முன்னாடி மூணு தடவை…” என்று எங்கள் செய்தி ஆசிரியர் மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டு போவார். மூன்று தடவை யோசிக்கணுமா, தண்ணீர் குடிக்கணுமா, மறந்துவிட்டது. எழுபதுகளில் சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழ் ஒன்றில் இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. மொழிபெயர்த்து வயிறு வளர்த்தவர்களுக்குத் தெரியும், யோசிக்க நேரமே தராத தொழில் அது. திருச்சிக்குத் திரும்பி மூன்று வருஷமாகியும், டெலிபிரிண்டரின் கடகட இல்லாத பகல்கள் எனக்குப் பகலாகவே தோன்றுவதில்லை.

எட்டுப் பத்தித் தலைப்பு

எங்கேயோ ஒரு விமானத்தைக் கடத்திவிட்டார்கள். இங்கிலீஷில் இருந்தபடியே ‘முஸ்லிம் பயங்கரவாதிகள்’ என்று எழுதி அனுப்பினேன். ‘முஸ்லிம்’ வேண்டுமா என்று அரை மனதாக அச்சுக்கூடத்துக்குப் போய்க் கேட்டபோது, ஃபோர்மன் ஈய எழுத்தைத் தடவியபடி சொன்னார்: “அதை எடுத்துடாதீங்க சார், தலைப்பு இப்பதான் எட்டுப் பத்தி அகலத்துக்கும் அம்சமா உக்காந்திருக்கு. எடுத்தா இடம் பல்லிளிக்கும்.”

ஃபேரர் பார்க் டீக்கடை

புரூஃப் பார்ப்பவர் இஸ்மாயில் பாய். தினமும் நாலு மணிக்கு நானும் அவரும் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஒரே பெஞ்சில் டீ குடிப்போம். ஒரு வடையைப் பிய்த்து அவர் எனக்குப் பெரிய பாதியைத் தருவார். அந்தத் தலைப்பு வந்த அன்று கடையில் ஒருவர், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் சிங்கப்பூர்க்காரர், பேப்பரை ஆட்டினார். “என்ன பாய், உங்க ஆளுங்க பிளேனையே தூக்கிட்டாங்களாமே! நமக்கும் ஒரு சீட்டு சொல்லுங்க லா.”

பாயும் சிரித்தார். “எனக்கு ஜூரோங் பஸ்ஸிலயே சீட்டு கிடைக்கல, தம்பி.” கடை முழுக்கச் சிரிப்பு.

இதே கேலி பத்து நாள் தொடர்ந்தது. பதினோராம் நாள் நாலு மணிக்கு அவர் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழவில்லை. “நீங்க போங்க ஆரோக்கியம். தினம் தினம் சிரிச்சா தாடை வலிக்குது.”

குண்டூசி

நான் தமிழாக்கிய தாளோடு இங்கிலீஷ் மூலத்தையும் குண்டூசியால் குத்தி அனுப்புவது வழக்கம். பாய் இரண்டையும் வரி வரியாக ஒப்பிடுவார். சில வாரம் கழித்து வட அயர்லாந்தில் குண்டு வெடித்த செய்தி வந்தது. நான் அனுப்பிய தாளைத் திரும்ப என் மேசைக்கே கொண்டுவந்து, பென்சிலால் ஒரு சொல்லைத் தொட்டார். குரலில் கோபமே இல்லை. “இங்கிலீஷ்ல கத்தோலிக்க பயங்கரவாதிகள்னு இருக்கு. நீங்க பயங்கரவாதிகளை மட்டும் கொண்டாந்திருக்கீங்க, ஆரோக்கியம்.”

பூசை முடிந்து

கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்ற என் கை அந்தச் சொல்லைத் தெரிந்தே விட்டதா, தெரியாமல் விட்டதா, இன்றும் எனக்குத் தெரியாது. சேர்த்து எழுதினேன், அப்படியே அச்சானது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பங்கு மக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துத் தந்த அந்தோணியம்மா அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. “எங்கயோ நாலு பேர் செஞ்சதுக்கு நம்ம எல்லாரையும் சேர்த்துப் போடலாமா தம்பி? பக்கத்து வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பாக்குறா.”

திங்கட்கிழமையிலிருந்து, குண்டு வைத்தவனின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினேன். யாருடைய மதத்தையும் எழுதவில்லை.