உப்புக் கிடங்கில் ஆபீஸ் போட்டது

இதை நான் எழுதலாமா என்று தெரியவில்லை. பத்தாவதுக்கு மேல் படித்ததில்லை. ஆபீஸ் எப்படி அமைப்பது என்பதை அமைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள், அவ்வளவுதான். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் மரக்காணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உதவியாளராக இருந்தேன். போன் எடுப்பேன், டீ வாங்கி வைப்பேன், வந்தவர்களை உட்காரச் சொல்வேன். அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அண்ணன் வீட்டில் இருந்தேன். அழுகை வரவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றாகவே இருந்தது. இந்த வேலை போனால் அண்ணியோடு உப்பளத்துக்குப் போகவேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு பாத்தித் தரையை மிதித்துக் கெட்டியாக்கும் வேலைக்குப் போயிருக்கிறேன். கால் வெடித்து ரத்தம் வரும், அதோடு உப்புத் தண்ணீரிலேயே நிற்க வேண்டும்.

கம்பெனி கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது. மாதத்துக்கு மாதம் ஆள் சேர்ந்துகொண்டே போனார்கள். ஒரே மேஜையில் இரண்டு பேர் முழங்கை இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். அதனால் ஊருக்கு வெளியே ஒரு பழைய உப்புக் கிடங்கை வாடகைக்கு எடுத்தார்கள். நீளமான ஒரே கூடம். நடுவில் ஒரு சுவர்கூட இல்லை. எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் சுவரின் அடிப்பாகம் பொரிந்து மாவாகக் கொட்டும்.

உள்ளே எல்லாவற்றையும் அமைக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சுவர் வைக்க வேண்டாம் என்றாள். மேனேஜருக்குக்கூடத் தனி அறை இல்லை. மேஜைகளுக்கெல்லாம் சக்கரம். கரண்ட் ஒயர் மேலே உத்தரத்திலிருந்து தொங்கும். ஆள் கூடினால் மேஜைகளை நெருக்கிக்கொள்ளலாம், கூட்டம் போட வேண்டுமென்றால் நகர்த்திவிட்டுத் திரையை இழுத்துக்கொள்ளலாம். நான் அளக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

ஒருநாள் எல்லோரையும் கிடங்குக்கு வரவழைத்தாள். தரையில் கூடத்தின் படம் போட்ட பெரிய பேப்பரை விரித்து, மேஜை அளவுக்குச் சின்னச் சின்ன அட்டைகளை வெட்டிக் கொடுத்து, அவரவர் உட்கார நினைக்கிற இடத்தில் வைக்கச் சொன்னாள்.

"டேய், அங்க வெக்காதடா. மேனேஜர் மூஞ்சி நேரா தெரியும்."

"தெரிஞ்சா என்னா? ஒன் மூஞ்சிக்கு அது எவ்வளவோ தேவலாம்."

"ஏம்பா, ஜன்னல் பக்கம் எனக்கு. காத்து வரும்ல."

"காத்தா வரும்? கருவாட்டு நாத்தம்தான் வரும். போ, நீயே வெச்சுக்கோ."

சிரிப்பு ஓய்ந்ததும் அந்தப் பெண் என்னிடம் ஒரு அட்டையை நீட்டினாள்.

"அக்கா, நீங்க எங்க உக்காரப்போறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"எனக்கு எதுக்கும்மா? நான் எங்கனா ஓரமா இருந்துக்குறேன்."

எங்கள் பக்கம் யார் எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். பந்தியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். மறுபடி கேட்பார்கள், மறுபடி வேண்டாம் என்போம். மூன்றாவது முறை இலையில் வைத்துவிடுவார்கள். முதல் முறையே வாங்கிக்கொள்கிறவளைப் பிறகு இளக்காரமாகப் பேசுவார்கள். அந்தப் பெண் ஒருமுறைதான் கேட்டாள். "சரிக்கா" என்று சிரித்துவிட்டு அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

படம் ஹெட் ஆபீசுக்குப் போனது. பொங்கல் கழிந்து சாமான்கள் லாரியில் வந்து இறங்கின. ஆட்கள் சக்கர மேஜைகளைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் அறை கிடையாது, திரைக்குப் பின்னால் நின்றோம்.

"ப்ளான்ல உங்களுக்கு எடம் இல்லியேம்மா. எத்தினி சீட்டோ அத்தினி ஆளுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. போனு, டீயெல்லாம் வாட்ச்மேனே பாத்துக்குவாருன்னு சொல்லிட்டாங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"சீட்டு வேணாம்னு நீங்களே சொன்னீங்களாமே?"

"ஆமாங்க சார்."

அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. திரையின் ஓரத்தைப் பிடித்து மடித்துக்கொண்டே இருந்தார்.

"நான் வேணும்னா மேல பேசிப் பாக்கட்டுமா?"

"வேணாங்க சார். பரவால்ல."

அவர் இன்னொருமுறை கேட்பார் என்று நின்றேன். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "அப்ப சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வருத்தமாக இருந்ததா என்று இப்போது யோசித்தாலும் நினைவில்லை. டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டில் அண்ணியிடம் சொன்னேன். "நாளிக்கு வெடிகாலைல எழுந்திரு" என்றாள்.

மறுநாள் அண்ணியோடு உப்பளத்துக்குப் போனேன். பாத்தி மிதிக்க ஆள் குறைவாக இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.