முரசின் மேல் பயறு

எங்கே இசை கேட்டாலும் என் சித்தி அப்படியே நின்றுவிடுவாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த வயதிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். காய்கறிக் கடை வானொலியில் ஒரு குழலிசை வந்தால் போதும், கையிலிருக்கும் வெங்காயத்தைத் தராசில் போட மறந்துவிடுவாள். "இது தோத்த படை ஊருக்குத் திரும்புற சத்தம். முன்னாடி வர்ற குதிரை நொண்டுது."

கடைக்காரர் சலித்துக்கொள்வார்: "குதிரை மெதுவா வரட்டும்மா. பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க பாருங்க."

சித்தி வேலை பார்ப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், ஒப்பந்தக் கூலியாக. சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வரும் படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விலகி நிற்பார்கள், உதறுவார்கள், நெருங்கி வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். எதிர்முனையில் எப்போதும், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் அக்காதான். வயதில் மூத்தவர், நிரந்தர ஊழியர், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நடந்தே கூன் விழுந்தவர்.

இயந்திர இரைச்சலில் விலகி நிற்கும்போது பேசினால் காதில் விழாது. முனைகள் சேரும் அந்த ஒரு நொடியில்தான் சொல்ல முடியும். சித்தி தான் மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்த ஒரு கதையை நெட்டையிடம் அப்படித்தான் சொன்னாள், ஒரு மடிப்புக்கு ஒரு வாக்கியமாக. வீட்டுக்கு வந்ததும் அதையே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்வாள், நான் தட்டச்சு செய்வேன். அவளுடைய வாக்கியங்கள் ஏன் அத்தனை சின்னதாக, அத்தனை சட்டென்று முடிகின்றன என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருமுறை அவளோடு வீட்டுப் போர்வையை மடித்தபோதுதான் புரிந்தது.

கதை இதுதான். பாடகர்கள் மட்டுமே வாழும் ஒரு மதில் நகரம். சுற்றிலும் முற்றுகை. ஒருநாள் விடிந்து பார்த்தால் வெளியே எதிரிப் படையையே காணவில்லை. அங்கே வந்து சித்தி நின்றுவிட்டாள். படை எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

நெட்டை விடவில்லை. "என்னடி, படை காணாம போயி மாசக்கணக்காச்சு. எங்கதான் போனானுங்க?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாக்கா?"

"கடைசியை நீ வாயால சொல்லி நான் கேக்கணும். இல்லாட்டி விரிப்பைப் பிடிக்க மாட்டேன், ஆமா."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நூலகத்திலிருந்து இடைக்கால வரலாற்றுப் புத்தகங்களைக் கொண்டுவருவேன். சித்தி அரசர்களின் பட்டியலைத் தாண்டிவிட்டு மதில்களையும் கொல்லர்களையும் காவலர் ஊதும் கொம்புகளையும் படிப்பாள். அப்படி ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவள் விரலை ஒரு வரியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். எதிரி நிலத்துக்கடியில் சுரங்கம் குடைந்து வருகிறானா என்று அறிய, கோட்டைக்குள் இருப்பவர்கள் முரசைத் தரையில் வைத்து அதன் தோல்மேல் பயறு தூவிவைப்பார்களாம். மண் அதிர்ந்தால் பயறு ஆடும்.

"ஏய், முரசு அடிக்கிறதுக்குத்தானே?" என்றாள் என்னிடம். "அது கேக்கவும் செய்யுமாடி?"

அந்தப் பக்கத்தை நானும் படித்திருந்தேன். எனக்கு அது வெறும் தகவலாகவே இருந்தது. அவள் கைமயிர் சிலிர்த்திருந்தது. ஒரே வரி ஒருவரிடம் தகவலாகவும் இன்னொருவரிடம் நகரமாகவும் மாறுவது எதனால்?

மறுநாள் சலவைக்கூடத்தில், சலவைத்தூள் வந்த காலித் தகர டப்பாவின் வாயில் கிழிந்த ரப்பர் விரிப்புத் துண்டை இழுத்துக் கட்டி, தரையில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன பயறைத் தூவினாள். இதை நான் மூன்று பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூவருமே அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார்கள். உருளைகளை ஒட்டி வைத்தபோது பயறு வெறுமனே துள்ளியது. தாழ்வாரப் பக்கம் தள்ளி வைத்ததும் அடங்கியது. பிறகு யாருக்கும் எதுவும் கேட்காத அந்த இரைச்சலுக்குள், பயறு மெல்ல நகரத் தொடங்கியது. ஒன்று, பிறகு பத்து, பிறகு எல்லாமே ஒரு ஓரமாக.

"யாரோ வர்றாங்கடி!" என்றார் நெட்டை.

வந்தது அழுக்குத்துணி வண்டி. கூடவே மேற்பார்வையாளர். வருகிறார் என்று பயறு முன்கூட்டியே சொல்லியும் ஒருவர்கூடத் தன் இடத்துக்கு ஓடவில்லை. வாய் பிளந்து டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் விரிப்புகள் உருளையில் சுற்றிச் சுற்றிக் கருகிக்கொண்டிருந்தன.

"யாரு வேலை இது?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் நெட்டை அவள் காலை மிதித்தார். "என் வேலைதான் சார். பயறு காயப் போட்டேன்."

"துணி துவைக்கிற எடத்துல பயறு காயப் போடுறியா?"

"நல்ல சூடா இருக்கே சார்."

ஒப்பந்தக்காரியாக இருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நிரந்தரம் என்பதால் நெட்டையைக் கீழ்த்தளத்துக்கு, அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு தனியாக நிற்க வேண்டும். பேச்சு கிடையாது.

சித்தி அந்த வாரமே கதையை முடித்தாள். நிலத்துக்கடியில் வரும் படைக்குக் காது கொடுத்து ஒரு நகரமே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் அந்த அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தபோது என் விரல்கள் தாமாகவே மெதுவாகின. சின்னப் பதிப்பகம் ஒன்று அதைப் புத்தகமாகப் போட்டது. முதல் பிரதியை நெட்டைக்கு என்னிடம்தான் கொடுத்தனுப்பினாள்.

நெட்டை அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை வச்சு நான் என்ன பண்றது? வாயால சொல்றேன்னுதானே பேச்சு?"

சித்தி இன்னும் நெட்டையைப் பார்க்கப் போகவில்லை. ஒருமுறை கீழ்த்தளப் படி வரை போய்த் திரும்பிவிட்டாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? கடைசி எனக்குக் கிடைச்சுது, கீழ்த்தளம் அவங்களுக்குக் கிடைச்சுது," என்கிறாள். இப்போது இரண்டாவது புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மருத்துவமனை வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நெட்டை முகத்துணியை இறக்கிவிட்டுக் கேட்பார்: "அவனுங்க உள்ள வந்துட்டானுங்களா, இல்லையா?"

எனக்குத் தெரியும். வாய்வரை வந்துவிடும்.

"வேணாம், நீ சொல்லிடாத," என்பார். "அவ வரட்டும்."