கப்பலில் போட்ட தறி முடிச்சு

ரேணிகுண்டாவில் ரயில் ஏறியபோது எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். உப்புக் காற்றில் கருத்த முகம். விரல்கள் துப்பட்டா நுனியை முடிவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தன.

"நம்ம ஊரு நகரி, அண்ணா. பாய்மரக் கப்பல்ல பயிற்சி. படிக்கிற நாங்களேதான் பாய் ஏத்தணும்."

"தறிக்கார ஊருக்குக் கடல் எதுக்கும்மா?" என்று கேட்டது, திருமலைக் குளத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுகும் மாவீரனாகிய நான்.

"தறியில இழை அறுந்தா போடுற அதே முடிச்சுதான் அங்கயும். மொத ஆளா போட்டேன். வீட்டுத் தறிப் பழக்கத்துல, முடிச்சுக்கு வெளிய நீட்டிக்கினு இருந்த கயித்து வாலையும் ஒட்ட நறுக்கிட்டேன். காத்து அடிச்சுது, முடிச்சு உருவிக்கினு பாய் பிச்சுக்கினு போச்சு. அன்னிலேந்து கப்பல்ல வெங்காயம்தான் உரிச்சேன். அடுத்த பயணத்துல ஒரே ஒரு சான்ஸ் தராங்க."

"நைனா திட்டினாரா?"

"கப்பல்காரங்களைத்தான் திட்டினாரு. வால் வுட்டு முடியறவன்லாம் ஒரு தொழில்காரனான்னு."

நல்ல அப்பா. மகளைச் சீக்கிரமே கரை சேர்த்துவிடுவார்.

"இந்த வாட்டி வால் வுடுவியா?"

"கை கேக்கணுமேண்ணா," என்று பெருமூச்சு விட்டாள்.

அவள் இறங்கிப்போய் மாதங்கள் ஆயின. இங்கே காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும், எந்தக் கடலில் எந்தப் பாய் பறக்கிறதோ என்று தரையில் நிற்கும் நான் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.