பார்ட்னரோடு எரிமலைக்கு

எங்கள் ஊரில் பார்ட்னர் என்றால் கம்பெனியில் பங்குள்ளவர். நூல் கடையிலிருந்து சாயப்பட்டறை வரை யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் எங்களிடம் பனியன் வாங்கும் இத்தாலிக்காரர், "என் படகில் எரிமலைத் தீவுக்குப் போகலாம், உங்கள் பார்ட்னரோடு வாருங்கள்" என்று மெயில் அனுப்பியபோது நான் யோசிக்கவே இல்லை. கொழுந்தனாருக்கும் சேர்த்து விசா எடுத்தேன்.

கொழுந்தனார் என் கணவரின் தம்பி. கணவர் இறந்த பிறகு கம்பெனியில் அவர் பாதி, நான் பாதி. என் பாதியை எப்படி வாங்குவது என்பதுதான் குடும்பத்தின் ஓயாத யோசனை. யாரும் அதட்டவில்லை. எங்கள் பக்கம் அதட்ட மாட்டார்கள். "நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, ஊட்டுல நிம்மதியா இருங்க" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்கள்.

சிசிலியில் படகு ஏறினோம். யாட், அதாவது உல்லாசப் படகு என்றதும் கப்பல் அளவுக்கு எதிர்பார்த்திருந்தேன். நம் டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஏறும்முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். படுக்கையறை வரை பூட்ஸோடு நடக்கிறவர்கள் தேக்குப் பலகைக்குக் கொடுக்கும் மரியாதையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இத்தாலிக்காரரின் மனைவி எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டு கீழே போய் ஓர் அறையைத் திறந்து காட்டினார். ஒரே அறை. இருவர் படுக்கும் ஒரே கட்டில். இரண்டு தலையணைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாக்லேட்.

கொழுந்தனாரின் முகம் பிளீச்சில் போட்ட துணியாக வெளுத்துவிட்டது. எனக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரமானது. பிடிபட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர்கள் ஊரில் பார்ட்னர் என்றால் கூட வாழ்கிறவராம். பாதி ஆங்கிலமும் பாதிக் கையசைப்புமாக விளக்கினேன். இத்தாலிக்காரர் காது மடல் சிவக்க மன்னிப்புக் கேட்டு, பக்கத்து அறையைக் கொழுந்தனாருக்கு ஒழித்துக் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"இறங்கிரலாமுங்க நங்கையா," என்றார் கொழுந்தனார். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அதான் வேற ரூம் குடுத்துட்டாங்களே தம்பி."

"ரூம் குடுத்தா ஆச்சுங்களா? அவங்க நெனச்சது நெனச்சதுதானுங்களே. ஊருல தெரிஞ்சா என்னாகுமுங்க?"

"நீங்க சொல்லாம ஊருல எப்படிங்க தெரியும்?"

கொழுந்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கி நின்றார். நான் பின்னாலேயே வந்துவிடுவேன் என்று அவருக்கு அத்தனை நிச்சயம். கணவர் இருந்தவரை கோயமுத்தூருக்குக்கூடத் தனியாகப் போகாதவள்தானே நான். இறங்கினால் ஏதோ தப்பு நடந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அதைச் சொல்லியே என்னைக் கம்பெனியை விட்டு எழுப்பிவிடுவார்கள். இறங்காவிட்டாலும் பேசுவார்கள். எப்படியும் பேச்சு வாங்கத்தான் போகிறேன் என்றால், எரிமலையையாவது பார்த்துவிட்டு வாங்குவோமே.

"போகலாம்," என்றேன் இத்தாலிக்காரரிடம். கயிற்றை அவிழ்த்தார்கள். பெட்டியோடு கரையில் நின்ற கொழுந்தனார் சின்னதாகிக்கொண்டே போனார். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

வழியில் வாந்தி எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சி கேட்டதற்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். மறுநாள் ஸ்ட்ரோம்போலித் தீவு வந்தது. கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பிய ஒற்றை மலை, தலையில் புகை. கரை மணல் பாய்லர் சாம்பல் கொட்டியதுபோலக் கறுப்பு. "நீங்கள் படகிலேயே ஓய்வெடுக்கலாமே," என்றார் இத்தாலிக்காரர் அன்பாக. அன்பாகத் தடுக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன்.

சரிவில் பாதி வரைதான் அனுமதி. பொழுது சாயும்போது மலை உறுமியது. தறி ஓடும் கட்டடத்தில் நிற்பதுபோல உள்ளங்கால் அதிர்ந்தது. உச்சியிலிருந்து நெருப்பு எகிறியது. சிவந்த கற்கள் உருண்டு உருண்டு கடலில் போய் விழுந்தன. சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இதைப் பார்க்கவிடாமலா என்னை இறக்கப் பார்த்தார் கொழுந்தனார், ஒரு கட்டிலுக்குப் பயந்து? கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து அழுதுவிட்டேன்.

திரும்பும் வழியில் கோடைக்கால ஆர்டரைப் பற்றி இத்தாலிக்காரர் கேட்டார். வழக்கமாகக் கொழுந்தனார் பேசுவார், நான் தலையாட்டுவேன். அன்று நான் பேசினேன். எனக்குப் பேச வராது என்று இத்தனை வருடம் எல்லாரும் சொல்ல, நானும் நம்பியிருக்கிறேன்.

ஊர் திரும்பும்முன்பே கதை வந்து சேர்ந்து, கை கால் முளைத்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமனார் கூப்பிட்டு அனுப்பினார். சோபா ஓரத்தில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒரே ரூமாமே கண்ணு?" என்றார் மாமனார்.

"ஆமாங்க மாமா. ஒரே ரூம், ஒரே கட்டில். தம்பி கரையிலயே நின்னுட்டாருங்க. நான் காலை நீட்டிப் படுத்து நல்லாத் தூங்கினேனுங்க."

கொழுந்தனாரின் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமனார் சிரிக்கவில்லை. "நடந்தது நடந்துருச்சு. இனிமே கம்பெனியைத் தம்பி பாத்துக்கட்டும். நீ ஊட்டுல இரு கண்ணு."

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் வீட்டு மருமகள்கள் 'பாக்கலாங்க' என்பார்கள். முடியாது என்றுதான் அதற்குப் பொருள். கேட்கிறவருக்குத் தோதுப்பட்டால் சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம். நானும் இருபது வருடமாக அப்படியே சொல்லி, அவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

"மாட்டேனுங்க மாமா," என்றேன்.

அந்த வீட்டில் அவரிடம் அதுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. 'ங்க' போட்டுத்தான் சொன்னேன்.