இரண்டாவது மங்களாரத்தி

கேமரா வாங்குவதா வேண்டாமா என்கிற யோசனையில் சாமிக்கு என்ன வேலை என்று என் மகன் கேட்கிறான். அவன் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் போன ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் கோவிலில் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தது மட்டும் இல்லை, அதற்குக் காரணமும் நான்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் எழுதுவது முன்னே பின்னே இருக்கும். வயிற்றெரிச்சலை எழுதப் பெரிய படிப்பு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் எனக்குப் பூஜை சாமான் கடை. கற்பூரம், ஊதுவத்தி, விபூதி, திரிநூல் வியாபாரம். எங்கள் பேட்டை முருகன் கோவிலுக்கு இருபது வருடத்துக்கு மேலாகக் கிருத்திகைதோறும் படம் எடுப்பதும் நான்தான். கூலிக்கு இல்லை, என் வேண்டுதல் அது. உற்சவர் மண்டபத்தில் திரைக்கு இடப்பக்கம் தூணை ஒட்டி ஒரே ஒரு ஆள் நிற்கிற மாதிரி ஒரு இடம் இருக்கிறது. அங்கே நின்றால் திரை விலகுகிற கணத்தில் முருகன் முகமும் தீபமும் ஒன்றாகக் கண்ணில் விழும். கருவறையைப் படம் எடுக்கக் கூடாது, நான் எடுத்ததும் இல்லை. மண்டபத்துக்கு வரும் உற்சவரை மட்டும் எடுப்பேன். கேமரா இருந்ததால்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது. அது போய்விட்டால் நானும் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் ஒருவன்.

என்னிடம் இருப்பது பிலிம் போடுகிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர். எங்கள் ஊர்த் தங்க மைன்ஸ் மூடிய சமயத்தில் நந்திதுர்க் பக்கம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஆபீசரிடம் வாங்கினேன். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பது கிடையாது. மேலே ஒரு ஓரமாகச் சின்னக் கண்ணாடி ஜன்னல், அதன் வழியாகப் பார்க்க வேண்டும். ஜன்னல் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். முருகன் கையில் இரண்டு வேல் இருக்கும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு வேலும் நகர்ந்து வந்து ஒரே வேலாகிவிடும். அப்போது அழுத்த வேண்டும். சத்தமே வராது, ஒரு சின்ன ‘டிக்’ மட்டும்தான். அதனால்தான் குருக்களும் என்னை அனுமதித்தார்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். ஒரு வருடம் தைப்பூசம் முழுக்க மூடியோடு எடுத்துத் தொலைத்தேன். கழுவி வந்த பிலிமில் ஒன்றும் இல்லை. பஜாரே சிரித்தது. முருகன் விருப்பம் அதுதான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

இப்போது பிலிமைக் கழுவப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். வந்து சேர மூன்று வாரம் ஆகும். அதுதான் கோவில் கமிட்டித் தலைவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைய படம் அன்றைக்கே வாட்ஸப் குரூப்பில் வர வேண்டுமாம். நான் படம் காட்டுவதற்குள் முருகனுக்கு அடுத்த கிருத்திகையே வந்துவிடுகிறது என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். டிஜிட்டலுக்கு மாறுங்கள், இல்லையென்றால் பங்காருபேட்டை ஸ்டூடியோக்காரனுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். இருபது வருடம் நான் நின்ற இடத்தை என்னவோ கல்யாண மண்டபத்தில் நாற்காலியைத் தூக்கிப் போடுவது மாதிரி பேசினார்.

மகன் இங்கே ஃபேக்டரியில் இன்ஜினியர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி ஜன்னல் வைத்த கேமரா டிஜிட்டலிலும் வருகிறது, வாங்கித் தருகிறேன் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் பெங்களூர் போனோம். கடையில் இருந்த பையன் என் நெற்றி விபூதியையும் வேட்டியையும் பார்த்துவிட்டு, கண்ணாடி அலமாரியைத் திறக்கவே இல்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு எதிர்க்கடைக்குப் போங்கள் என்று கன்னடத்தில் சொன்னான். மகன் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிய பிறகுதான் சாவி வெளியே வந்தது. விலையைச் சொன்னான். அந்தப் பணத்தில் இரண்டு ஆட்டோ வாங்கி ரோட்டில் விடலாம்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. கையில் வாங்கி ஜன்னலில் கண்ணை வைத்தேன். அதே சின்னக் கட்டம், அதே இரட்டை உருவம். வளையம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. எதிரே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் இரண்டு முட்களும் நாலாகத் தெரிந்து, பிறகு இரண்டாகின. என் பழைய கேமராவே புதுத்துணி கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு சின்ன டி.வி. மாதிரி ஸ்க்ரீன். எடுத்த படம் உடனே அதில் தெரிந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

முதலில் மூன்று நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம், பிடித்தால் மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம் என்றான் மகன். ஆடிக் கிருத்திகைக்கு வாடகைக் கேமராவோடு போனேன்.

அன்று வெயில் அதிகம் இல்லை. காலையிலிருந்தே காவடிகள். மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் மஞ்சள் புடவையில் பால்குடம் எடுத்து வந்தார்கள். எல்லாருமே வெறும் வயிறு. அபிஷேகம் முடிந்து, அலங்காரத்துக்காகத் திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவர் நகரவில்லை. நான் தூணோரம் நின்றேன். தலைவர் புதுப் பட்டு வேட்டியில் சாமிக்குப் பக்கத்திலேயே கைகூப்பி நின்றார்.

மங்களாரத்திக்கு மணி அடித்தது. திரை விலகியது. கூட்டம் முழுக்க ‘அரோகரா’ என்றது. ஜன்னலில் இரண்டு வேல் ஒன்றாகிற நேரம் அழுத்தினேன். அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது. முருகன் ராஜ அலங்காரத்தில் மூன்று முழ தூரத்தில் நிற்கிறான். நான் தலையைக் குனிந்து கேமராவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. அதோடாவது நின்றேனா? யாரும் கேட்காமலே அந்த ஸ்க்ரீனைத் தலைவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். பிலிம்காரன், பழைய பஞ்சாங்கம் என்று பேசினீரே, இப்போது பாரும் என்கிற திமிர்தான்.

அவர் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. படத்தில் அவர் கண் மூடியிருந்தது.

சாமி முன்னால் கண் மூடி நின்றால் அதற்குப் பெயர் பக்தி. அன்று காலையிலிருந்து அந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதைத் தப்பு என்று நினைத்து, குருக்கள் பக்கம் திரும்பினார்.

“ஐயரே, திரையைப் போட்டுட்டு இன்னொரு வாட்டி காட்டிடுங்க. போட்டோ சரியா வரல.”

குருக்கள் தட்டோடு திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரை மூடியது. புதுக் கற்பூரம் வைத்தார்கள். என் கடையிலிருந்து போன கற்பூரம். மறுபடியும் மணி, மறுபடியும் திரை. ‘அரோகரா’ என்றது கூட்டம். முதல் தடவை வந்த குரலில் பாதிகூட இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தலையில் பால்குடம் சுமந்து வந்த ஒரு பெண்பிள்ளை, கன்னத்தில் ஈரம் காயாமல், பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

“அப்போ மொதல்ல காட்டினது யாருக்காம்?”

என்னிடம் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் நான் அழுத்தினேன். தலைவர் கண் திறந்து, இந்த வருடம் முழுக்கத் திறந்தே இருப்பேன் என்கிற மாதிரி, கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமிக்கு முதுகு.

படம் சாயங்காலமே குரூப்பில் போய்விட்டது. எத்தனையோ பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரி இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை தட்டை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை குருக்களிடம் போனேன். பரிகாரம் ஏதாவது சொல்வார், மனம் ஆறும் என்று நினைத்தேன். அவர் பூக்கூடையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குப் போயா ராத்திரி தூங்காம இருந்தீங்க? பெரிய மனுஷா லேட்டா வந்தா மூணு தடவைகூட காட்டியிருக்கேன். சுவாமி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்.”

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. லேட்டாக வந்தவனுக்குக் காட்டினால், பாவம், அவன் சாமியைப் பார்க்கட்டும் என்று காட்டுகிறீர்கள். இவர் சாமியைப் பார்த்தாகிவிட்டதே, இவருக்குத் தன்னைத்தானே பார்க்க வேண்டியிருந்தது என்று சொல்ல வந்தேன். விபூதியைக் கையில் போட்டு என்னை அனுப்பிவிட்டார்.

மகன் வேறு வழி சொன்னான். படம் தானாகத் தெரியாமல் மெனுவில் நிறுத்தி வைக்கலாமாம். “அவ்ளோதானே நைனா, ஆஃப் பண்ணிட்டா முடிஞ்சது. இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?” என்றான். நிறுத்திக் கொடுத்தான். கேமராவைத் திருப்பித் தர இன்னும் ஒரு நாள் இருந்தது. கடையில் உட்கார்ந்து எதிரே பூக்காரியை எடுத்தேன். நாலாவது படத்தில் என் கட்டைவிரல் தானாகவே போய்ப் பார்க்கிற பொத்தானை அழுத்திவிட்டது. அறுபது வயதில் என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை என்றால் நான் மெனுவைச் சொல்லி என்ன பயன்?

இருந்தாலும் ஆசை விடவில்லை. அடுத்த ஞாயிறு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் கண் திறந்திருந்த அந்தப் படத்தை அதற்குள் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டிவிட்டார்கள். கேமரா வாங்கிக்கொள்கிறேன், எவ்வளவு விலையானாலும் என் பாடு, படம் அன்றைக்கே தருகிறேன், ஆனால் இனிமேல் யார் கேட்டாலும் மங்களாரத்தி ஒரே தடவைதான் என்று மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். எழுதியிருந்தால் குருக்களும் மறுக்க முடியும், என் திமிருக்கும் ஒரு கடிவாளம் என்று நினைத்தேன்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “சாமிக்கே கோபம் இல்ல. உங்களுக்கு இன்னாண்ணா அவ்ளோ கோபம்?”

“சாமிக்குக் கோபம் இல்லன்னு உங்ககிட்ட யார் சொன்னது தலைவரே?” என்றேன்.

ஒருவர் டீ குடித்தார். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருத்தரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் என்னிடம் படம் வாங்கிப் பூஜையறையில் மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும். நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மகனிடம், தவணை எதுவும் போட வேண்டாம், கேமரா வேண்டாம் என்றேன். இவ்வளவு அலைந்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்களே என்று அவனுக்கு வருத்தம். கடன் மிச்சம் என்று வீட்டுக்காரி தன் தம்பியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தூணோர இடம் ஸ்டூடியோக்காரனுக்குப் போயிற்று. அடுத்த கிருத்திகைக்கு நான் கேமராவே கொண்டுபோகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில், ஒரு உயரமான ஆளின் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த ஸ்டூடியோக்காரன் பெரிய விளக்கு ஒன்றைச் சாமி முகத்துக்கு நேரே நிறுத்தியிருந்தான்.

திரை விலகியது. அவன் சடசடவென்று எடுத்தான். குனிந்து பார்த்தான். தலைவரும் பக்கத்தில் போய்க் குனிந்தார். இரண்டு தலையும் சேர்ந்திருக்கிறது, முருகன் பின்னால் நிற்கிறான். தலைவர் நிமிர்ந்து குருக்களை நோக்கிக் கையைத் தூக்கினார், கொஞ்சம் பொறுங்கள் என்கிற மாதிரி. குருக்கள் தட்டைப் பிடித்தபடி நின்றார். ஒரு பையன் திரைக் கயிற்றில் கை வைத்துவிட்டான்.

நான் எங்கிருந்து அந்தக் குரலை எடுத்தேனோ தெரியாது. இத்தனை வருடம் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன். “வேல் முருகனுக்கு” என்று கத்தினேன். “அரோகரா” என்று முழுக் கூட்டமும் சொன்னது. மறுபடி கத்தினேன். மறுபடி சொன்னார்கள். சொல்லிக்கொண்டே ஆரத்தி வாங்க முன்னால் நகர்ந்தார்கள். தடுப்புக் கயிறு தளர்ந்தது. இருபது முப்பது கைகள் தட்டை நோக்கி நீண்டுவிட்டன. அதற்கு மேல் குருக்கள் என்ன செய்வார்? தட்டோடு படி இறங்கி வந்துவிட்டார். ஜனங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தட்டை மறுபடி சாமிக்குக் காட்ட முடியாது.

நானும் தொட்டு ஒற்றிக்கொண்டேன். தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். முகம் சிவந்திருந்தது.

“இன்னாண்ணா இது, ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?”

“காட்டியாச்சு தலைவரே,” என்று சொல்லிவிட்டு விபூதிக்குக் கையை நீட்டினேன்.