சொல்லாமல் இருந்த அரை மணி நேரம்

போன வருஷம் ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மதியம் நடந்தது இது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். காலை ஷிப்ட் பெண் கிளம்பியதும், இரண்டு மணிக்கு அதே நாற்காலியில், அதே கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்காருவேன்.

அன்று நான் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் கோவளம் பக்கத்து மீன்கார அம்மா ஒருவர் வந்தார். கணவர் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எங்கள் லேப் ரிப்போர்ட்டுகள் அந்த அம்மாவின் போனில் பதினோரு பைல்களாகக் கிடந்தன. இன்ஷூரன்ஸுக்கு எல்லாம் ஒரே பைலாக வேண்டுமாம்.

“ரெண்டு நாளா அலைஞ்சிகினு கீறேன்மா. இன்னிக்குக் குடுக்கலன்னா ஆபரேஷன் தள்ளிப் பூடும்ங்கறாங்க. எனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?” என்றார். கண் கலங்கியிருந்தது.

பைல்களைச் சேர்க்கும் வசதி எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. இணையத்தில் தேடினேன். கேள்விப்படாத ஒரு தளத்தில் பெரிய பச்சை பட்டன் இருந்தது. அழுத்தினேன். உடனே ஆன்டிவைரஸ் சிவப்புப் பெட்டி காட்டி எச்சரித்தது. தெரியாத தளத்தைத் திறக்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே லேப் முதலாளியான டாக்டர் சொல்லியிருந்தார். பாவம், ஒரு அவசரத்துக்குத்தானே என்று ‘அனுமதி’யை அழுத்திவிட்டேன். கறுப்பாக ஒரு ஜன்னல் தோன்றி மறைந்தது. பைல் ஒன்றும் சேரவில்லை. கடைசியில் என் சொந்த போனிலேயே முயன்று பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் சேர்ந்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு ஓடினார்.

மூன்று மணிக்கு ஒருவருடைய ரிப்போர்ட்டைத் திறந்தேன். திறக்கவில்லை. அடுத்ததும் அப்படியே. எல்லா பைல் பெயர்களுக்குப் பின்னாலும் ஏதோ புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு திரை முழுக்க ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல்: பைல்களைப் பூட்டிவிட்டோம், வேண்டுமானால் பணம் அனுப்பு.

டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். டாக்டர் ஓடி வந்தார். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பெண்ணுக்கு போன் செய்தார். அவள் எல்லா நெட் ஒயரையும் உடனே பிடுங்கச் சொல்லிவிட்டு, இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டரில் பதினைந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தாள்.

“எப்படிம்மா ஆச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

“தெரியல சார். நான் வந்தப்பவே ஸ்லோவாத்தான் இருந்துச்சு” என்றேன். பொய்.

சந்தேகம் நேராகக் காலை ஷிப்ட் பெண்ணின் மேல் போனது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சீரியல் பார்த்ததற்காக அவள் முன்பு ஒருமுறை திட்டு வாங்கியவள். டாக்டர் அவளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சத்தியமா நான் எதையும் திறக்கல சார். வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார்” என்று அவள் அழுதாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கம்ப்யூட்டர் பெண் சொன்னாள்: “எல்லா பைலுக்கும் மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்த காப்பி தனியா இருக்கு சார். ஆனா காலைலயே வைரஸ் வந்திருந்தா அதை நம்ப முடியாது. நேத்து காப்பிக்குத்தான் போகணும். இன்னைக்கு வந்த டெஸ்ட் எல்லாம் போயிடும்.”

ரத்தம் சோதிக்கும் எங்கள் மெஷின் பழசு, முடிவுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. சோதித்து முடித்த ரத்தத்தையும் அப்போதே அப்புறப்படுத்திவிடுவோம். அத்தனை பேரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். மேஜையில் இருந்த அன்றைய பட்டியலைப் பார்த்தேன். புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கும் ஒருவரின் பெயர் அதில் இருந்தது. அவருக்கு நரம்பே கிடைக்காது. மூன்று, நான்கு தடவை குத்துவோம். கண்ணை மூடிக்கொண்டு “பரவாயில்லம்மா” என்பார்.

“சார், நான்தான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கம்ப்யூட்டர் பெண் திட்டவில்லை. “எத்தனை மணிக்குக்கா? கரெக்டா சொல்லுங்க” என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மாவுக்கு பைலை அனுப்பிய நேரம் என் போனில் இருந்தது: இரண்டு முப்பத்து நாலு. அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் பட்டனை அழுத்தியிருந்தேன்.

“அப்போ ஒரு மணி காப்பி தப்பிச்சுது. நல்லவேளை சொன்னீங்க” என்று வேலையில் இறங்கினாள். மற்ற கம்ப்யூட்டர்களையும் சோதித்து, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். ஒரு மணிக்குப் பிறகு வந்த நான்கு பேருக்கு மட்டும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

டாக்டர் கிளம்பும்போது சொன்னார்: “பட்டனை அமுக்கினது கூட பரவாயில்லம்மா. அந்தப் பொண்ணு அழுதப்ப பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்களே.”

மறுநாள் இரண்டு மணிக்கு முன்பே போனேன். காலை ஷிப்ட் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பையில் டப்பாவை எடுத்து வைத்தாள். பிறகு, “நேத்து உங்க மேல அவ்ளோ கோவம் வந்துச்சுக்கா. ஆனா உங்க இடத்துல நான் இருந்திருந்தா கடைசியிலயாவது சொல்லியிருப்பேனான்னு தெரியல” என்றாள்.

தெரியாத தளங்களை இப்போது நான் திறப்பதில்லை, அது சுலபமாகவே பழகிவிட்டது. ஆனால் தப்பு செய்த அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்வதற்கு, இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் என்னை நானே பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது.