ஐந்து வகுப்பும் ஒரே மண்டபமும்

விஜயலெட்சுமி டீச்சருக்குச் சுவர் என்றால் ஆகாது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷிக்கு என்னென்னமோ ஆகாமல் போகும். புளி ஆகாது, பனி ஆகாது. இவருக்குச் சுவர். அதிலும் வகுப்பறைச் சுவர்.

பூனாகலைக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில் இருக்கும் தோட்டப் பாடசாலையில் அவர் பதினொரு வருஷமாகப் படிப்பிக்கிறார். ஆரம்பப் பிரிவுக்கு ஒரே ஒரு நீள மண்டபம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் அதற்குள்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும் என்று அந்தக் காலத்துத் துரை கட்டிப்போட்டது; பிறகு வந்தவர்களும் போதும் என்றே விட்டுவிட்டார்கள். வெளியாள் வந்தால் சந்தைக்குள் நுழைந்தவர் மாதிரி காதைப் பொத்திக்கொள்வார். டீச்சருக்கோ அந்தச் சத்தம் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

அவரும் அதே மண்டபத்தில் படித்தவர்தான். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து நடந்து வந்து, இரண்டாம் வகுப்பு வாங்கில் உட்கார்ந்துகொண்டு, காதை மட்டும் ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பிவைத்த பிள்ளை. ஒருநாள் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் ஒரு பின்னக் கணக்குக் கேட்டார். அங்கே ஒருவருக்கும் வரவில்லை. இங்கிருந்து இவர் விடையைச் சொல்லிவிட்டார். பிரம்புதான் வரப்போகிறது என்று நடுங்கியிருக்க, வாத்தியார் “இங்க வா” என்று கூப்பிட்டுத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். தன் வாங்கிலிருந்து வாத்தியார் வரை நடந்த அந்தப் பத்து எட்டு நடைதான் தன்னைப் பண்டாரவளைப் பள்ளிக்கும், பிறகு ஆசிரிய கலாசாலைக்கும் கொண்டுபோனது என்பது டீச்சரின் நம்பிக்கை.

கலாசாலையில் ஒரு விரிவுரையாளர் திறந்த வகுப்பறை பற்றிப் பாடம் எடுத்தார். சுவர் இல்லை, மணியடித்துப் பாடம் மாற்றுவதில்லை, பிள்ளை தனக்கு வேண்டிய மூலைக்குத் தானே போகும், ஆசிரியர் பின்னால் போவார். வெளிநாட்டில் இதற்காகச் சுவர்களையே இடித்தார்களாம். எல்லோரும் வாய் பிளந்து கேட்க, விஜயலெட்சுமி மட்டும் சிரித்துவிட்டார்.

“என்ன சிரிப்பு?”

“எங்க தோட்டத்துல இடிக்கிற செலவே இல்லீங்க சேர்.”

சிரித்தாரே தவிர, அன்றைக்கே மனதுக்குள் அந்த மண்டபத்துக்குப் போய்விட்டார். அங்கே இடமாற்றம் கிடைக்க அவர் எத்தனை வருஷம் மனுப்போட்டார் என்பது பெரிய கதை. கிடைத்ததும் வாங்குகளைச் சுவரோரம் தள்ளினார். ஒரு மூலையில் பாயும் புத்தகமும். இன்னொரு மூலையில் கொழுந்து நிறுக்கிற பழைய தராசு. உருளைக்கிழங்கும் கல்லும் நிறுத்தே கூட்டல் கழித்தல் வந்துவிடும். வெயில் நாளில் வெளியே சவுக்கு மரத்தடியும் ஒரு மூலை. உடன் படிப்பிக்கிற விதுஷா டீச்சர் முதல் மாதம் தலையில் கைவைத்தாள். இரண்டாம் வருஷம் அவளே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

மேசன் தம்பையாவின் மகள் கௌசிகா இரண்டாம் வகுப்பு. வாசிப்பு மூலையில் நான்காம் வகுப்போடு சேர்ந்து சரளமாக வாசிப்பாள், கணக்குக்கு ஒன்றாம் வகுப்போடு போய் உட்காருவாள். ஒருவரும் அவளைக் கெட்டிக்காரி என்றும் சொல்லவில்லை, மக்கு என்றும் சொல்லவில்லை. டீச்சருக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

போன ஓகஸ்ட் விடுமுறைக்கு டீச்சர் பதுளையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால், பாடசாலை வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. பாடசாலை அதிபர் தர்மலிங்கம் மாலையோடு நிற்கிறார். தோட்டமே நிற்கிறது. மண்டபத்துக்குள் நாலு சுவர் எழும்பி, ஐந்து அறை.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அப்படி இழுத்திருந்தார்கள். பின்னேரக் கொழுந்து நிறுவை முடிந்ததும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இரண்டு ஆளாக வந்து சிமெந்துக் கல் அரிந்தார்களாம். பெண்கள் கொழுந்துக்கூடை இறக்கிய தலையில் மணல் சுமந்தார்களாம். தலைமை, மேசன் தம்பையா.

“டீச்சருக்குத் தொண்ட கட்டிப்போகுதுன்னு பிள்ளைங்க சொல்லுச்சுங்க. டவுன் ஸ்கூலு மாதிரி ஒங்களுக்கும் ரூமு இருக்கட்டுமேன்னுதான்” என்றார் தம்பையா. வேலைக்காய்ப்பு ஏறிய கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நின்றார்.

டீச்சர் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ரிப்பனை வெட்டினார்.

ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். அன்பாகக் கட்டிய சுவரை என்ன செய்வது? மூன்று மாதம் அறை அறையாக நடந்தார். ஐந்தாம் வகுப்பில் நின்றால் ஒன்றாம் வகுப்பு கேட்காது. தராசு ஓர் அறைக்குள் சிறைப்பட்டது. கௌசிகா இரண்டாம் வகுப்பு அறையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பாடசாலை விட்ட பிறகு டீச்சர் நடுச்சுவரில் கைவைத்து நிற்பார். விட்டு வந்த ஊரை நினைத்து ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர் தினமும் வருகிற இடத்தையே நினைத்து ஏங்கினார். கனவிலும் அந்தச் சத்தம்தான்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிறு காலை தம்பையாவின் லயத்துக்குப் போய்விட்டார். அவர் வாசலில் சாந்து பூசும் கரண்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பிளேன்டீ வந்தது. டீச்சர் குடிக்கவில்லை.

“அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. நடுச்சுவரு ரெண்ட எடுத்துறலாமா?” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கௌசிகா வாசித்தது, இப்போது கூரையைப் பார்ப்பது, பின்னக் கணக்கு, பத்து எட்டு நடை, எல்லாம்.

தம்பையா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அந்தக் கணக்குச் சொன்ன அன்னிக்கு நானும் இருந்தேங்க டீச்சர்.”

“எங்க?”

“ஒங்களுக்குப் பின் வாங்கு. நீங்க எந்திரிச்சுப் போனதப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குப் பொறகும் அந்த வாங்குலயே ரெண்டு வருசம் இருந்தேன். ஒரு எழுத்து வரல. அஞ்சு வகுப்புச் சத்தத்துக்குள்ள வரலன்னும் ஒருத்தருக்கும் தெரியல. அப்புறம் பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டேன். நின்னதும் தெரியல.”

குரலில் கோபம் ஒன்றுமில்லை.

“கௌசி ஒங்க கண்ணுல பட்டுட்டா. படாத பிள்ளயும் இருக்கும்லங்க? ரூமுன்னா பத்துப் பிள்ளதான். உள்ள வந்தவங்க பாத்துத்தான ஆகணும்.” பிறகு, “டீச்சர் சொன்னா நாளைக்கே ஒடைக்கிறேங்க. கட்டுன கைதான” என்றார்.

டீச்சர் அந்தப் பின் வாங்கை நினைத்துப் பார்த்தார். வாத்தியாரின் சட்டை நிறம் வந்தது, கரும்பலகையில் இருந்த பின்னம் வந்தது, கூரையில் மழை பெய்த சத்தம்கூட வந்தது. பின் வாங்கில் இருந்த முகம் வரவில்லை. பயந்துபோய், சுவர் எழும்புமுன் இருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மனதுக்குள் எண்ணினார். மண்டபத்தில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தைந்தோடு நின்றுவிட்டது. திரும்ப எண்ணினார். முப்பத்தைந்துதான்.

அந்த நீள மண்டபத்தின் மேல் இருந்த ஆசை அப்போதும் போகவில்லை. இப்போதும் கேட்டால் அது வேண்டும் என்றுதான் மனம் சொல்லும்.

“இப்ப வேணாம்ணே” என்றார். “இன்னும் மூணு பேரு இருக்காங்க. அவங்க யாருன்னு மொதல்ல பாத்துட்டு வாறேன்.”

தம்பையா கரண்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பிடி போட ஆரம்பித்தார்.